ஒன்பதா, பதினெட்டா? – மாநிலங்களவையும் வெளிமாநிலத் தமிழரும்

கொச்சியில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு கூட்டத்தில், பொங்கல் சமயத்தில் எர்ணாகுளத்திலிருந்து காட்பாடி வழியாகக் கூடுதலாக ஒரு ரயில் விடும்படி மனுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மனுவும் எழுதியாயிற்று. யாரிடம் கொடுப்பது என்ற இடத்தில்தான் சண்டை வந்தது.

"ராஜ்ய சபாவில நமக்குப் பதினெட்டுப் பேர் இருக்காங்களே, அதுல ஒருத்தருக்கு அனுப்புங்க" என்றார் ஒருவர். "பதினெட்டு தமிழ்நாட்டுக்கு. நாம குடியிருக்கிறது கேரளா. இங்க ஒன்பதுதான்" என்றார் இன்னொருவர். "அந்த ஒன்பதும் மலையாளிங்களுக்கு. நமக்கு என்ன வந்தது?" என்றது மூன்றாவது குரல். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "நயினாரே, நீங்கதான் எப்பப் பார்த்தாலும் லைப்ரரியில உட்கார்ந்திருக்கீங்க. ஒன்பதா, பதினெட்டா? நீங்களே சொல்லுங்க."

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவன். மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி வியாபாரம், வீடு கலூரில். எஸ்.எஸ்.எல்.சி.யோடு என் படிப்பு நின்றது. ஆகவே இதைச் சட்டம் படித்தவர் கட்டுரை என்று எண்ண வேண்டாம். கடைக்காரன் ஒருவன் உட்கார்ந்து சரிபார்த்த கணக்கு என்று எடுத்துக்கொண்டால் போதும்.

இடங்கள் வந்த கணக்கு

மாநிலங்களவையில் அதிகபட்சம் 250 பேர் இருக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 80-ஆவது பிரிவு. இப்போது உள்ள இடங்கள் 245. இதில் 233 பேர் மாநிலங்களிலிருந்தும், டில்லி, புதுச்சேரி, ஜம்மு-காஷ்மீர் ஆகிய யூனியன் பிரதேசங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். மீதி 12 பேர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிறவர்கள்.

அமெரிக்காவில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் என்று பாராமல் தலைக்கு இரண்டு செனட்டர்கள். நம் நாட்டில் அப்படியில்லை. உத்தரப் பிரதேசத்துக்கு 31, சிக்கிமுக்கு 1. இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. அரசியல் நிர்ணய சபை ஒரு வாய்பாடு வைத்திருந்தது. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையில் முதல் 50 லட்சம் வரை பத்து லட்சத்துக்கு ஓர் இடம். அதற்கு மேல் இருபது லட்சத்துக்கு ஓர் இடம். கடைசியில் மிஞ்சுவது பத்து லட்சத்தைத் தாண்டினால் அதற்கும் ஓர் இடம்.

இதை நானே போட்டுப் பார்த்தேன். 1951 கணக்கெடுப்பின்படி இன்றைய கேரள எல்லைக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம். முதல் 50 லட்சத்துக்கு 5. மீதி 85 லட்சத்தில் நான்கு இருபதுகள், அதாவது 4. மிஞ்சுவது 5 லட்சம். அது கணக்கில் வராது. மொத்தம் 9. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் அன்று 3 கோடியே 1 லட்சம் பேர். முதலில் 5, மீதி 251 லட்சத்தில் பன்னிரண்டு இருபதுகள், மிஞ்சிய 11 லட்சம் பத்தைத் தாண்டுவதால் இன்னும் ஒன்று. மொத்தம் 18. கணக்கு சரியாக விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைக் கடையில் இருந்த பையன்கள் புரிந்துகொள்ளவில்லை!

ஆனால் அதே கணக்கு என்னை யோசிக்கவும் வைத்தது. அந்த 1 கோடியே 35 லட்சத்தில் யார் யார்? மலையாளிகள் மட்டுமல்ல. மட்டாஞ்சேரியில் கடை வைத்திருந்த குஜராத்திகள், கொங்கணிகள், மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் கொழுந்து பறித்த நம் தமிழர்கள், கொச்சியில் துணிக்கடையும் பாத்திரக்கடையும் நடத்திய நம் மூத்தவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். கணக்கெடுப்பு ஒருவர் பேசும் மொழியைக் குறித்துக்கொள்ளும். ஆனால் வசிக்கும் இடத்தில் வைத்துத்தான் எண்ணும். ஆக, "ஒன்பது மலையாளிங்களுக்கு" என்ற பேச்சே தவறு. நம்மையும் சேர்த்து எண்ணித்தான் அந்த ஒன்பது வந்தது.

சீட்டுக் குலுக்கிப் பிரித்த கதை

மக்களவையைக் கலைக்கலாம், மாநிலங்களவையைக் கலைக்க முடியாது. உறுப்பினருக்கு ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு பேர் விலக, அந்த இடங்களுக்குப் புதியவர்கள் வருவார்கள். மண்டியில் நாங்கள் பழைய அரிசி முழுவதும் தீர்ந்த பிறகு புது அரிசி இறக்குவதில்லை. இரண்டும் கலந்தே இருக்கும். அதே ஏற்பாடுதான்.

1952 ஏப்ரல் 3-ஆம் தேதி அவை அமைந்தது. மே 13-இல் முதல் கூட்டம். அப்போது ஒரு சிக்கல். எல்லோரும் ஒரே சமயத்தில் வந்தவர்கள். அவர்களில் யார் முதலில் விலகுவது? சீட்டுக் குலுக்கி உறுப்பினர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு 1954-இல் விலகியது, அடுத்தது 1956-இல், மூன்றாவது 1958-இல். அமெரிக்க செனட்டும் 1789-இல் இதே போல்தான் மூன்று வகுப்புகளுக்குச் சீட்டு எடுத்தது.

இதைப் படித்ததும் எங்கள் வந்தவாசிக்கு அதிக தூரமில்லாத உத்திரமேரூர்தான் எனக்கு நினைவு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. 30 குடும்புகளில் பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரித்தார்கள். ஆனால் நம்மவர்கள் மேடையில் பேசுவது போல இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். குடவோலையில் ஆளைத் தேர்ந்தெடுக்கவே சீட்டு. 1952-இல் ஆள் ஏற்கெனவே தேர்வாகிவிட்டார். விலகும் வரிசைக்கு மட்டுமே சீட்டு. மேலும் உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலம். நிலமும் சொந்த மனையில் வீடும் வேத ஞானமும் உள்ளவர் பெயர்தான் குடத்தில் விழும். என் முன்னோர் பெயர் அதில் விழுந்திருக்காது.

கேரளத்தின் ஒன்பதும் மூன்று மூன்றாக 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நிரம்பின. தமிழ்நாட்டின் பதினெட்டும் ஆறு ஆறாக 2020, 2022, 2025-இல் நிரம்பின. இந்த வரிசை மாநிலத்துக்கு மாநிலம் காலப்போக்கில் சற்று முன்பின் ஆகியிருக்கிறது.

முப்பத்தாறு பேர் வேண்டும்

இந்த உறுப்பினர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் அனுப்பிய எம்.எல்.ஏ.க்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அதிலும் ஒருவரைக் குறித்துவிட்டு வருவதல்ல; 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். ஒவ்வோர் ஓட்டுக்கும் மதிப்பு 100. மொத்த மதிப்பை, நிரப்ப வேண்டிய இடங்களோடு ஒன்று கூட்டி வகுத்து, மீதியை விட்டு, ஈவுடன் ஒன்றைக் கூட்டினால் வெற்றிக்கான அளவு. கேரளத்தில் 140 எம்.எல்.ஏ.க்கள், மூன்று இடம் என்றால், 14,000-ஐ நான்கால் வகுத்து ஒன்று கூட்ட 3,501. அதாவது 36 பேர் முதல் விருப்பமாக எழுதினால் ஒருவர் வெற்றி. வென்றவருக்கு அளவுக்கு மேல் கிடைத்தது வீணாகாமல் அடுத்த விருப்பக்காரருக்குப் போகும்.

ஆளும் அணிக்கு 80, எதிரணிக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஓட்டெடுப்பானால் மூன்று இடமும் 80 பேருக்கே. இந்த முறையில் அவர்களுக்கு இரண்டு, எதிரணிக்கு ஒன்று. சிறுபான்மையும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

நம் தமிழர்க்கு இதைவிடத் தெளிவான உதாரணம் பேரறிஞர் அண்ணா. 1962-இல் அவர் காஞ்சிபுரம் சட்டமன்றத் தேர்தலில் தோற்றார். 206 பேர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு 50 பேர், நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு இடத்துக்கு மேற்சொன்ன கணக்கைப் போட்டால் 30 பேர் போதும். அந்த ஐம்பது பேரின் பலத்தில்தான் அண்ணா அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போய்த் தமிழ்நாட்டின் குரலை டில்லியில் ஒலிக்க வைத்தார்.

இங்கிருந்து போன தமிழர்

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் சொன்னபோது, எங்கள் நாகர்கோவில் நண்பர், "நயினாரே, மதராஸை விடுங்க. இந்த மண்ணுல இருந்தே ஒரு தமிழர் போயிருக்காரு, தெரியுமா?" என்றார். தேடிப் பார்த்தேன். உண்மைதான்.

1952-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்கு ஆறு இடங்கள். சட்டமன்றத்தில் 108 பேர். மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு அதில் எட்டே பேர். ஆறு இடத்துக்குக் கணக்குப் போட்டால் ஒருவர் ஜெயிக்க 16 பேர் தேவை. இவர்களிடம் இருந்தது சரிபாதி. ஆனால் காங்கிரசுக்கு 44 பேர்தான். ஆட்சி நடத்தத் தமிழர்களின் துணை வேண்டியிருந்தது. தமிழர் தரப்பில் சிதம்பரநாதன் அமைச்சரானார். அ. அப்துல் ரசாக் மாநிலங்களவைக்குத் தேர்வானார். முன்னாள் கொச்சி ராஜ்யத்தையும் உள்ளடக்கிய ஒரு மாநிலத்தின் பிரதிநிதியாக, அதன் தமிழ்ச் சிறுபான்மையின் ஆள் ஒருவர் டில்லியில் உட்கார்ந்தார். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அந்த அத்தியாயம் அத்துடன் முடிந்தது.

அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒன்றல்ல. அவர்கள் ஒரே நிலப்பகுதியில் கூட்டமாக வாழ்ந்தவர்கள். நாம் சிதறிக் கிடப்பவர்கள். ஆனால் ஒரு பாடம் பொதுவானது. அந்த எட்டு எம்.எல்.ஏ.க்கள் வந்தது இந்த மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் போட்ட ஓட்டிலிருந்து.

எங்கே வசித்தால் எந்த மாநிலம்?

2003 வரை, ஒரு மாநிலத்தின் சார்பில் மாநிலங்களவைக்கு நிற்பவர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும். அந்த ஆண்டுத் திருத்தம் "இந்தியாவில் எங்காவது வாக்காளராக இருந்தால் போதும்" என்று மாற்றியது. ஓட்டுச் சீட்டைக் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. பத்திரிகையாளரும் முன்னாள் நியமன உறுப்பினருமான குல்தீப் நய்யார் வழக்குத் தொடுத்தார். 2006 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் திருத்தம் செல்லும் என்றார்கள்.

இதனால் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் ஆந்திரத்திலிருந்தும் பிறகு கர்நாடகத்திலிருந்தும் போக முடிந்தது. ஜெய்சங்கர் குஜராத்திலிருந்தும், எல். முருகன் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் போனார்கள். நமக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் அங்குள்ள தமிழரின் பிரதிநிதிகள் அல்லர். அந்தந்த மாநிலத்தின் பிரதிநிதிகள்.

நியமன உறுப்பினர் பன்னிருவர் மட்டும் எந்த மாநிலத்துக்கும் உரியவர் அல்லர். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று வகுத்த துறைகளிலிருந்து வருகிறவர்கள். எர்ணாகுளத்தில் பேராசிரியராக இருந்த மகாகவி ஜி. சங்கரக் குறுப்பு 1968 முதல் 1972 வரை அப்படி இருந்தார். 2022 ஜூலையில் இளையராஜா, பி.டி. உஷா, விஜயேந்திர பிரசாத் ஆகியோரோடு, தர்மஸ்தலத்துச் சிவன் கோயிலைத் தலைமுறைகளாக நிர்வகிக்கும் சமணக் குடும்பத்து வீரேந்திர ஹெக்டேயும் நியமிக்கப்பட்டார். அயர்லாந்து மேலவையில் தொழில், வணிகத்துக்கென்றே ஒரு பிரிவு உண்டு. இங்கே வியாபாரிக்கு அப்படி இல்லை. நமக்கு ஓட்டு ஒன்றுதான் வழி.

மனுவின் கதை

இனி மனுவுக்கு வருகிறேன். இங்குள்ள உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்துக்கு நாங்கள் ஏழு பேர் போனோம். அங்கிருந்த இளைஞர் மரியாதையாக உட்கார வைத்தார். மனுவைப் படித்தார். பிறகு, "வோட்டு எவிடெயா?" என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, விவரத்துக்காகத்தான் கேட்டார். எங்களில் இரண்டு பேருக்குத்தான் இங்கே ஓட்டு இருந்தது. மூன்று பேர் ஊரில் வைத்திருந்தார்கள். ஒருவர் இதுவரை பதிவே செய்யவில்லை. ஏழாவது ஆள் நான். இருபது வருஷத்துக்கு மேல் ஊர்ப் பட்டியலில் என் பெயரை வைத்திருந்தேன். ஓட்டுப் போடப் போனது இரண்டே தடவை. பிறகு ஒரு திருத்தத்தில் "இங்கு வசிக்கவில்லை" என்று அடித்துவிட்டார்கள். அடித்தது சரிதான். வெறுமனே சொந்த வீடு இருப்பதனால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. ஆனால் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, கொச்சியில் பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அங்கேயும் ஓட்டு இல்லை, இங்கேயும் இல்லை.

அந்த வருஷம் ரயில் வரவில்லை.

பெயர் மாற்றினால் ஊரை விட்டுக்கொடுத்ததாகி விடும் என்று நம் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். நானும் பயந்தவன்தான். நிலமும் குலதெய்வமும் உறவும் ஊரிலேயே இருக்கட்டும். அவற்றை ஓட்டுச் சீட்டு எடுத்துக்கொண்டு போகாது. 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது எத்தனை வீடுகளில் எத்தனை கலக்கம் என்று நாம் எல்லோரும் பார்த்தோம். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். குடிமாறியவர்க்கு 8-ஆம் எண் படிவம், புதிதாகச் சேர்பவர்க்கு 6-ஆம் எண் படிவம். அவ்வளவுதான் வேலை.

"ஒன்பதா, பதினெட்டா?" என்று என்னைக் கேட்டவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஒன்பது. ஆனால் நம் பெயர் இந்த மண்ணின் பட்டியலில் ஏறிய பிறகுதான் அந்த ஒன்பதும் நமக்கு. நான் 6-ஆம் எண் படிவம் கொடுத்து, மறு தேர்தலில் கலூரில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் மலையாளத்தில் கேட்டார், "சேட்டன் ஆத்யமாயிட்டாணோ இவிடெ?" முதல் தடவையா என்று கேட்கிறார். "ஆமாங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது.