கடல் கடந்து மீண்ட கட்டில்: பச்சிளங்குழந்தையின் படுக்கை குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

பேறுகாலம் நெருங்கும் நகர்ப்புற வீடுகளில் அண்மைக்காலமாக ஒரு புதிய விவாதம் நடக்கிறது. கடைகளில் 'பெட்சைட் காட்' என்ற பெயரில் விற்கப்படும் சிறு கட்டிலை வாங்குவதா வேண்டாமா என்பது அது. மூன்று பக்கம் அடைப்பு. நான்காவது பக்கம் திறந்து பெற்றோரின் கட்டிலோடு ஒட்டி நிற்கும். குழந்தை தனக்குரிய படுக்கையில் கிடக்கும், ஆனால் தாயின் கை எட்டும் தொலைவை விட்டு விலகாது. வீட்டு மூத்தவர்கள் தூளி இருக்க இது எதற்கு என்பார்கள். மருத்துவர் தனிப்படுக்கையே நல்லது என்று சொல்லியிருப்பார். இளம் பெற்றோர் இதை மரபுக்கும் மேற்குக்கும் இடையிலான வழக்காகப் புரிந்துகொண்டு ஏதேனும் ஒரு பக்கம் சாய்கிறார்கள். இந்த வழக்கின் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் அந்த எல்லைக்கோடு எளிதில் பிடிபடுவதில்லை. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் 'காட்' என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான்.

ஆங்கிலத்தில் 'காட்' என்னும் சொல்லுக்கு அகராதியாளர் காட்டும் மூலம் இந்தி 'கா2ட்'; அதற்கு முந்தையது சமஸ்கிருத 'க2ட்வா'. இந்தச் சமஸ்கிருதச் சொல்லைத் திராவிடக் கடனாகக் கருதுவோர், தமிழ், மலையாளக் 'கட்டில்' என்ற சொல்லை ஒப்பாகக் காட்டுவர். 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இச்சொல்லின் தோற்றத்தில் சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்கிறது. வடக்கே 'கா2ட்', தெற்கே 'கட்டில்' என இரண்டுமே ஆங்கிலேயர் நாவில் ஏறியிருக்கக்கூடும் என்கிறது. கட்டில் என்ற வடிவைப் போர்ச்சுகீசியர் முன்பே எடுத்துக்கொண்டிருந்தனர். வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டுச் சாமூதிரி வரவேற்றபோது சாய்ந்திருந்த இருக்கையைப் 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோவாவ் த பாரோஸ் அச்சொல்லாலேயே குறிக்கிறார். ஆங்கிலப் பயணி தாமஸ் ஹெர்பர்ட் 1634இல் வெளியான நூலில், வசதியுள்ளோர் இரண்டடி உயரக் 'காட்'களில் படுப்பதாக எழுதுகிறார். கவனிக்க வேண்டியது, இவை எவையும் குழந்தையின் படுக்கை அல்ல. அரசன் சாய்ந்த இருக்கையும் செல்வர் படுத்த மெத்தையும்தான்.

கப்பலேறிய பிறகு சொல் ஆடத் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கடற்சொல் அகராதிகளில் 'காட்' என்பது தளத்தின் உத்திரங்களிலிருந்து தொங்கும் கித்தான் படுக்கை, அதிகாரிகளுக்கு உரியது. நான்கு கால் ஊன்றி நின்ற கட்டில், அலையோடு அசையும் தூளியாக மாறிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அச்சொல் பிரிட்டனில் குழந்தையின் சிறு படுக்கையைக் குறிக்கத் தொடங்கியது. அமெரிக்கர் அப்பொருளை ஏற்கவில்லை. அவர்களுக்கு 'காட்' இன்றும் மடக்குக் கட்டில். குழந்தைக்கு உரியது 'கிரிப்', அதாவது முதற்பொருளில் மாட்டுத் தொழுவத்தின் தீவனத் தொட்டி. பிரிட்டிஷ் வழியாக இந்தியாவுக்குத் திரும்பிய 'காட்' மட்டும் இங்கே இருபொருளோடு வாழ்கிறது. ராணுவக் குடியிருப்பில் அது இரும்புக் கட்டில், கடையில் குழந்தைக் கட்டில்.

தமிழ் இந்தக் குழப்பத்திற்கு இடமளித்ததில்லை. கட்டில் பெரியோருக்கு, குழந்தைக்குத் தொட்டில். பழந்தமிழில் கட்டில் அரியணையும்கூட. அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன் என்னும் பெயரில் அப்பொருள் உறைந்து நிற்கிறது. முரசு வைக்கும் கட்டிலில் அறியாமல் உறங்கிவிட்ட மோசிகீரனாருக்குச் சேரன் கவரி வீசிய நிகழ்ச்சியைப் புறநானூறு சொல்கிறது. நிலத்தில் ஊன்றிய, உயர்ந்த, அதிகாரம் சார்ந்த இடம் கட்டில். தொட்டிலோ தொங்குவது. கன்னடத்தில் 'தொட்டிலு' அதே பொருளில் வழங்குகிறது. 'தூங்கு' என்ற வினையின் வரலாறும் இங்கே நினைவுகூரத்தக்கது. சங்க நூல்களில் அதன் முதன்மைப் பொருள் தொங்குதல், அசைதல். உறக்கத்திற்குத் துஞ்சுதலும் உறங்குதலும் துயிலுதலும் இருந்தன. தூக்கணாங்குருவியிலும் தூக்குக் கயிற்றிலும் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. மலையாளத்தில் 'தூங்ஙு' என்றால் இன்றும் முதலில் தொங்குதலே. கன்னடத்தில் 'தூகு' ஆட்டுதலும் எடையிடுதலும். தொங்குதல் எவ்வழியில் உறக்கமானது, கண் சொருகித் தலை ஆடும் நிலையிலிருந்தா என்பது பொருண்மையியல் மாணவர்க்கு நல்ல வினா. தூளியில் கிடக்கும் குழந்தையைப் பொறுத்தவரை இரு பொருளும் ஒன்றே.

இந்தியாவின் பிற பகுதிகளிலும் குழந்தையின் படுக்கைக்கு அடையாளம் அசைவுதான். குஜராத்தில் மரச்சட்டத்தில் துணியைத் தொங்கவிடும் 'கோ4டியூ' உண்டு. மராட்டியத்தில் பன்னிரண்டாம் நாள் 'பார்சே' சடங்கில் குழந்தையைப் 'பாள்ணா'வில் இட்டுப் பெயர் சூட்டுவர். இந்தியில் தொட்டிலுக்கும் வளர்த்தலுக்கும் 'பால்னா' என்ற ஒரே வடிவம். பெரியாழ்வாரின் தாலாட்டில் கண்ணனுக்குப் பிரமன் பொன் தொட்டில் அனுப்புகிறான். பிள்ளைத்தமிழில் தாலப்பருவம் ஒரு கட்டாயப் பகுதி. ஆனால் இந்தத் தொட்டில்கள் எல்லாம் பெரும்பாலும் பகலுக்கும் சடங்குக்கும் உரியவை. இரவில் குழந்தை கிடந்தது தாயின் பக்கத்தில், பாயில். இலக்கியம் பகல் தொட்டிலைப் பாடி இரவுப் பாயைப் பாடாமல் விட்டதால், இந்திய மரபு என்றாலே தொட்டில் என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது.

மரபு சொன்னதெல்லாம் இன்றைய அறிவுக்குப் பொருந்தும் என்பதற்கும் இல்லை. சரக சம்ஹிதையின் சாரீரஸ்தானம் குழந்தைக்கெனக் 'குமாராகாரம்' என்னும் தனி அறையை வகுத்து, விரிப்புகள் மென்மையாகவும் தூய்மையாகவும் மணமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தூய்மை குறித்த அக்கறை வியக்கத்தக்கது. மென்மையைத்தான் இன்றைய குழந்தை மருத்துவம் ஏற்காது. உறுதியான, சமதளமான, தலையணையற்ற படுக்கையே அது கேட்பது.

குழந்தையைத் தாயின் படுக்கையிலிருந்து பிரிக்கும் எண்ணத்திற்கு ஐரோப்பாவில் நீண்ட கதை இருக்கிறது. அதன் அடியில் ஓர் அச்சம் கிடக்கிறது. உறக்கத்தில் தாயின் உடல் அழுந்திக் குழந்தை மூச்சடைத்து இறப்பது விவிலியத்தின் சாலமோன் தீர்ப்புக் கதையிலேயே வருகிறது. இடைக்காலத் திருச்சபை அப்படி இறந்த குழந்தையின் பெற்றோர்க்குத் தவ ஒறுப்பு விதித்தது. வறுமையில் வேண்டுமென்றே செய்யப்பட்ட கொலையோ என்ற ஐயமும் கூடவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஃப்ளோரன்ஸ் நகரத்துக் கருவி ஒன்றைப் பற்றிய குறிப்பு வெளியானது. 'ஆர்கூச்சியோ' என்பது அதன் பெயர். குழந்தைமேல் கவிழ்க்கும் மரச்சட்டம். போர்வையும் உடலும் அழுந்தாமல் ஒரு வளைவு தாங்கும். பக்கப் பலகையில் மார்பு நுழைய ஒரு வெட்டு இருக்கும், செவிலி படுத்தபடியே பாலூட்டலாம். அதைப் பயன்படுத்தாத செவிலியர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்றும் அக்குறிப்பு சொல்கிறது. இன்றைய கட்டிலோரத் தொட்டிலுக்கு முன்னோடி தேடுவோர் இந்தச் சட்டத்தில் நின்றுவிடலாம். பிரிக்கவும் வேண்டும், பிரியவும் கூடாது என்ற இரட்டைக் கோரிக்கைக்கு மரத்தில் எழுதப்பட்ட விடை அது.

தொழிற்புரட்சிக்குப் பின் அச்சம் வர்க்கச் சாயம் பூசிக்கொண்டது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரக் காவல்துறை மருத்துவர் சார்லஸ் டெம்பிள்மன் 1892இல், மூச்சடைத்து இறந்த 258 குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். இறப்புகள் சனிக்கிழமை இரவில் குவிந்திருந்தன. அவர் கண்ட காரணங்கள் அறியாமை, குடி, நெருக்கடியான குடியிருப்பு. டண்டீ சணல் ஆலைகளின் ஊர். ஆலைகளுக்கு மூலப்பொருள் வங்கத்திலிருந்து போனது. ஆலைத் தொழிலாளரில் பெரும்பகுதி பெண்கள். வாரம் முழுதும் தறியடியில் நின்று, ஓரறை வீட்டில் பல பேரோடு ஒரே படுக்கையில் உறங்கிய தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டை ஒட்டி நிறுத்தப்பட்டனர். பிரிட்டனின் 1908ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், குடித்துவிட்டுப் படுத்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை மூச்சடைக்கச் செய்வதைத் தண்டனைக்குரிய புறக்கணிப்பாக்கியது. தனித் தொட்டில் வாங்க வீட்டில் இடம் வேண்டும் என்பதைச் சட்டம் பேசவில்லை.

இதற்குப் பின் வந்தது வரலாற்றின் கசப்பான முரண். தனிப்படுக்கை பரவிய பிரிட்டனில், காரணம் தெரியாத குழந்தை இறப்புக்கு 1950களில் 'காட் டெத்' என்றே பெயர் வந்தது. பாதுகாப்புக்காக வாங்கிய கட்டிலின் பெயரே சாவின் பெயராயிற்று. 1969இல் சியாட்டிலில் நடந்த மாநாடு அதற்குத் 'திடீர்க் குழந்தை இறப்பு நோய்க்குறி' என்ற பொருளில் மருத்துவப் பெயரிட்டு வரையறுத்தது. விடையின் பெரும்பகுதி குழந்தை கிடந்த நிலையில் இருந்தது. குப்புறப் படுக்க வைப்பதைக் கைவிடச் சொல்லி 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் இயக்கங்கள் தொடங்கின. பிரிட்டனில் ஓரிரு ஆண்டுகளிலேயே இறப்புகள் பாதிக்குமேல் குறைந்தன. எந்தக் கட்டில் என்பதைவிட, அதில் குழந்தை மல்லாந்து கிடக்கிறதா என்பது முந்திக்கொண்டது.

இடம் பற்றிய வினா அதனால் முடிந்துவிடவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் முதல் ஆறு மாதங்களேனும் ஒரே அறையில், வேறு படுக்கையில் என்று பரிந்துரைக்கிறது. ஒரே படுக்கைதான் பாலூட்டும் தாய்க்கு இயல்பு என்று மானுடவியலாளர் ஜேம்ஸ் மெக்கென்னா வாதிடுகிறார். இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஆய்வுகள் இங்கிலாந்தின் ஹெலன் பால் குழுவினருடையவை. 2006இல் வெளியான ஆய்வில் மகப்பேற்றுப் பிரிவில் 64 தாய்–சேய் இணைகளை மூவகையாகப் பிரித்தனர்: தாயின் படுக்கை, பக்கத்தில் பொருத்திய தொட்டில், தனித்து நிற்கும் தொட்டில். தனித் தொட்டிலைவிட முதலிரண்டு வகையிலும் குழந்தைகள் அடிக்கடி பால் குடித்தன. பக்கத் தொட்டிலில் தாயின் படுக்கையைவிட ஆபத்தான தருணங்கள் குறைவு. பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வில், மருத்துவமனையில் தந்த பக்கத் தொட்டில் பின்னாளில் பாலூட்டும் காலத்தை நீட்டவில்லை. விளம்பரங்கள் முதல் முடிவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது வியப்பில்லை.

இந்தியாவில் இப்பொருளை எடைபோட ஐரோப்பிய அச்சத்தை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, தள்ளிவிடவும் முடியாது. தரையில் விரித்த கோரைப்பாய் உறுதியானது, சமதளமானது, விழ உயரமில்லாதது. அதில் தாயருகே கிடந்த குழந்தையின் நிலை வேறு. புதைகிற நுரை மெத்தையில், கனத்த கம்பளிக்கடியில், இருவருக்கிடையே கிடக்கும் குழந்தையின் நிலை வேறு. வீடுகள் பாயிலிருந்து மெத்தைக்கு ஏறிய தலைமுறையில், பழக்கத்தின் பெயர் மாறாமல் அதன் பொருள் மாறிவிட்டது. பாட்டி சொல்லும் 'பக்கத்தில் படுக்க வை' என்பது அவர் அறிந்த படுக்கையைக் குறித்தது. புகைக்கும் தந்தை, உறக்க மருந்து உட்கொண்ட தாய், குறைமாதக் குழந்தை என்றால் ஒரே படுக்கை எந்த மரபிலும் ஆபத்தே. தூளிக்கும் கணக்கு உண்டு. வளைந்து கிடக்கும் பச்சிளங்குழந்தையின் கழுத்து மார்பில் மடங்கும். வளர்ந்த பிள்ளைகள் விளையாட்டாகச் சேலைத் தூளியில் சுழன்று கழுத்து இறுகி இறந்த செய்திகள் தடயவியல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ஆயினும் தூளியை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. வயலோரத்து மரக்கிளையிலும் கட்டடச் சாரத்திலும் அது தொங்குவதற்குக் காரணம், தாய் வேலைக்குப் போயாக வேண்டும் என்பதே. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியபோது ஐம்பது பெண்களுக்குமேல் வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும் அது பொருந்தியது. 1976இல் அவ்வெண் முப்பதாகக் குறைந்தது. கட்டடத் தளங்களில் கிடந்த குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் 1969இல் தில்லியில் 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பைத் தொடங்கினார். அந்தத் தளங்களில் எந்தத் தொட்டில் என்ற வினா எழுந்ததில்லை. யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் எழுந்தது.

கட்டிலோரத் தொட்டில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இந்த வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன. இரு மெத்தைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நடுவே விரல் நுழையும் இடைவெளிகூடக் கூடாது. தள்ளினால் விலகாதபடி வாரால் பிணைக்கப்பட வேண்டும். மெத்தை கையால் அழுத்தினால் குழியக் கூடாது. அழகுக்குத் தரும் தலையணையும் ஓரத் திண்டும் வெளியே போக வேண்டும். குழந்தை கையூன்றி எழத் தொடங்கும் நாளில் அதன் காலம் முடிகிறது. சில மாதங்களே பயன்படும் பொருளுக்கு அவ்வளவு பணமா என்பது நியாயமான தயக்கம். தரையில் உறுதியான தனி விரிப்பு, தாயின் விரிப்புக்குப் பக்கத்தில் விரித்தால், அந்த மூன்று பக்கப் பெட்டி செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

பெருநகர அடுக்ககங்களில் இன்று இரண்டும் ஒன்றாக இருப்பதைக் காணலாம். இரவுக்குக் கட்டிலோடு ஒட்டிய 'காட்'. பகலில் பாட்டி வந்ததும் கூரைக் கொக்கியிலிருந்து அவர் கொண்டுவந்த பழைய நூல் சேலை. கொக்கி இல்லாத புது வீட்டுக்காரர்கள் இரும்புச் சட்டத்தில் சுருள்வில் மாட்டிய தொட்டிலை வாங்கி வருகிறார்கள். அதிலும் சேலையையே கட்டுகிறார்கள்.