கஞ்சித் தண்ணீர் போதாது: ஆறு மாதம் கடந்த குழந்தையின் உணவு

2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி பல உயிர்களைக் காத்தது. அதன் நினைவாக மே மாதங்களில் கஞ்சி காய்ச்சி வழங்கி வருகிறோம். அன்று அந்தக் கஞ்சிக்காக வரிசையில் நின்ற சிறுமிகள் பலர் இன்று கைக்குழந்தைகளுடன் இருக்கும் தாய்மார். பசி என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் வயிறு நிறைவது வேறு, பிள்ளை வளர்வது வேறு. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நீர்த்த கஞ்சியையே நாளாந்த உணவாகக் கொடுத்தால் அது அழாமல் தூங்கும். ஆனால் வளர்ச்சி பின்தங்கும்.

முதல் ஆறு மாதங்கள்

பிறந்தது முதல் ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். வெயில் காலத்திலும் தண்ணீர் தேவையில்லை. சீனித்தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுக்களின் நரம்புகளைத் தாக்கக்கூடியது.

"யோசனையால் பால் வற்றிவிட்டது" என்று பல தாய்மார் சொல்வதுண்டு. இழப்பும் கவலையும் களைப்பும் பால் இறங்குவதைத் தற்காலிகமாகத் தாமதப்படுத்தலாம். ஆனால் பால் சுரப்பது குழந்தை உறிஞ்சுவதைப் பொறுத்தது. அவசரப்பட்டுப் பால்மாவைத் தொடங்கினால் குழந்தை மார்பில் உறிஞ்சுவது குறையும். உறிஞ்சுவது குறையக் குறையப் பாலும் குறையும். பால் போதவில்லை என்று தோன்றினால், கடைக்குப் போக முன்னர் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசுங்கள். இத்தகைய பால்மாக்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிக்கோவை 1981ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது.

ஆறு மாதத்தில் என்ன மாறுகிறது?

தாயின் வயிற்றிலிருந்தபோது குழந்தை சேமித்துக்கொண்ட இரும்புச்சத்து ஏறத்தாழ ஆறு மாதங்களில் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. மூளை மிக வேகமாக வளரும் காலமும் இதுவே. ஆகவே தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடர்ந்தபடி, ஆறு மாதத்திலிருந்து மற்ற உணவுகளையும் கொடுக்க வேண்டும்.

குழந்தையின் இரைப்பை சிறியது. ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர்தான் கொள்ளும். ஏழு கிலோ நிறையுள்ள குழந்தைக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு. அந்தச் சிறிய இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் உணவுக்கு இடமிருக்காது. உணவு கரண்டியில் நிற்க வேண்டும். கரண்டியைச் சரித்ததும் தண்ணீர்போல ஓடினால் அது போதிய தடிப்பில்லை.

எவ்வளவு, எத்தனை தடவை?

6 – 8 மாதம்: இரண்டு, மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, 250 மில்லிலீற்றர் கோப்பையில் அரைவாசிவரை. நாளுக்கு 2 – 3 தடவை. நன்றாக மசித்துக் கொடுக்க வேண்டும்.

9 – 11 மாதம்: ஒரு வேளைக்கு அரைக் கோப்பை. நாளுக்கு 3 – 4 தடவை. சிறு கட்டிகள் இருக்கலாம். கையால் பிடித்துத் தின்னவும் விடலாம்.

12 – 23 மாதம்: ஒரு வேளைக்கு முக்கால் கோப்பை முதல் ஒரு கோப்பைவரை. நாளுக்கு 3 – 4 தடவை, இடையில் ஒன்றிரண்டு சிற்றுணவு. வீட்டுச் சாப்பாட்டையே உறைப்பில்லாமல் கொடுக்கலாம்.

கோப்பையில் என்ன இருக்க வேண்டும்?

விலை கூடிய ரின் உணவு தேவையில்லை. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு அல்லது பருப்பு சேர்த்துக் குழைய அவியுங்கள். இறக்கும் முன்னர் ஒரு பிடி முருங்கையிலை அல்லது பசளியைப் பொடியாக அரிந்து போடுங்கள். பூசணியோ கரட்டோ இருந்தால் அதையும் சேர்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விடுங்கள்.

இத்துடன் மீன், முட்டை, ஈரல், இறைச்சி இவற்றில் ஒன்றாவது நாளாந்தம் கிடைத்தால் மிக நல்லது. பல்லு முளைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நன்றாக அவித்து, முள் நீக்கி மசித்தால் ஆறு மாதக் குழந்தையும் உண்ணும். பெரிய மீன் வாங்க இயலாத வீட்டில் சூடை, கீரி, பச்சை நெத்தலி போதும். கோழி ஈரலில் ஒரு சிறு துண்டு நிறைய இரும்புச்சத்துத் தரும். வீட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தால் அது குழந்தைக்கே உரியது.

பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சிக்கொள்ள விற்றமின் சி உதவும். அதனால் சாப்பாட்டுடன் பப்பாசிப்பழம், கொய்யாப்பழம் அல்லது சில துளி தேசிக்காய்ப்புளி சேர்க்கலாம். தேநீர் அந்த உறிஞ்சலைத் தடுக்கும். பாலில்லாத தேநீரில் பிஸ்கற்றைத் தோய்த்துக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். சவ்வரிசிக் கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் மாச்சத்து மட்டுமே. ஒரு வயதுவரை உப்பும் சீனியும் சேர்க்கத் தேவையில்லை. முழுக் கச்சான், கடலை போன்றவை தொண்டையில் அடைக்கக்கூடியவை. அரைத்த மாவாகவே கொடுக்கவும்.

திரிபோஷா யாருக்கு?

1973ஆம் ஆண்டு முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் திரிபோஷா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் உரியது. மாதத்துக்கு 750 கிராம் பைக்கற் இரண்டு என்பது நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கு. வறுமைப்பட்ட வீட்டில் மூத்த பிள்ளைகளும் கேட்பார்கள். அது தவறன்று. ஆனால் நான்கு பேர் பங்கிட்டால் நிறை குறைந்த பிள்ளைக்குக் கிடைப்பது கால்பங்குதான். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

நோயிலும் உணவை நிறுத்தாதீர்கள்

வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்தால் தாய்ப்பாலைக் கூடிய தடவைகள் கொடுங்கள். உணவைச் சிறிது சிறிதாகத் தொடருங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்கவும். சுகமானபின் இரண்டு வாரங்களுக்கு நாளுக்கு ஒருவேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த நிறை திரும்பும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மாதந்தோறும் நிறை பார்க்கும்போது எண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு மேலே செல்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். கோடு படுத்தாலோ கீழிறங்கினாலோ அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.

தாய் கூலிவேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகும் வீடுகளில் குழந்தைக்குத் தீத்துவது அம்மம்மாதான். குண்டுமழைக்குள் கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளைக் காத்தவர் அவர். இன்று பேரப்பிள்ளைக்கு அவர் காய்ச்சும் பானையில் தண்ணீர் குறையட்டும். ஒரு பிடி பயறும் ஒரு பிடி கீரையும் ஒரு துண்டு மீனும் சேரட்டும்.