டைனோசர் பற்றிய மயக்கங்களும் மட்டக்களப்பு வாவியும்

பாடநூலும் திரைப்படமும் டைனோசர் என்னும் பெயரைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியுள்ளன. பெயர் பரவிய அளவிற்குத் தெளிவு பரவிற்றில்லை. மட்டக்களப்பு வாவியில் வாழும் முதலை டைனோசரின் வழித்தோன்றல் என்பதும், மண்ணினின்று வெளிப்படும் பேரெலும்பு யாவும் டைனோசருடையனவே என்பதும், ஆதிமனிதன் அதனோடு போராடி வாழ்ந்தான் என்பதும் இன்றும் பலரிடை நிலவும் கருத்துக்களாகும். காலத்தையும் உறவையும் ஆராயாது உருவத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டும் போக்கே இம்மயக்கங்கள் அனைத்திற்கும் வேராகும்.

முதன் மயக்கம் பெயரிலேயே தோன்றிற்று. 1842 ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் றிச்சாட் ஓவன், ‘அச்சந்தரும் பல்லி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து இப்பெயரை ஆக்கினார். ஆயின் டைனோசர் பல்லியினத்தைச் சேர்ந்ததன்று. 1861 இல் ஜேர்மனியில் இறகுத் தடத்துடன் ஆர்க்கியோப்தெரிக்ஸ் என்னும் உயிரின் சுவடு வெளிப்பட்டது. அக்காலத்திலேயே தோமஸ் ஹக்ஸ்லி டைனோசருக்கும் பறவைக்குமுள்ள ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். 1969 இல் ஜோன் ஒஸ்ட்ரமின் ஆய்வு அக்கருத்திற்குப் புத்துயிரளித்தது. 1996 இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட, இறகிழை போர்த்த டைனோசரின் சுவடு அதனை மேலும் உறுதிப்படுத்திற்று. பறவைகள் டைனோசர்க் குலத்தின் ஒரு கிளையே என்பது இன்றைய அறிவியலின் முடிபு. முதலையோ அக்குலத்தின் ஒன்றுவிட்ட உறவு மட்டுமே. கபரகொய்யா அதனினும் தொலைவானது. எனவே வாவிக்கரையில் டைனோசரின் வழித்தோன்றலைக் காண விழைவோர் முதலையை விடுத்து நீர்க்காகத்தையும் கொக்கையும் நோக்குதல் வேண்டும். அவ்வினம் அடியோடு அழிந்தது என்னும் கூற்றும் இதனாற் பிழையாகின்றது.

அடுத்தது காலம் பற்றிய மயக்கம். பறவையல்லாத டைனோசர்கள் ஏறத்தாழ 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மறைந்தன. இன்றைய மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளே. மட்டக்களப்புப் பகுதியின் அடிப்பாறைகள் விஜயன் தொகுதி எனப்படுவன. வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறி 500 மில்லியன் ஆண்டுகளுக்கு மேலானவை. வாவியோ கடைசிப் பனிக்காலத்தின் பின் கடல்மட்டம் உயர்ந்தமையால் உருவானது. அதன் வயது சில ஆயிரம் ஆண்டுகளே. பாறை மிக முந்தியது. வாவி மிகப் பிந்தியது. டைனோசர் வாழ்ந்த காலம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஆகவே அதன் எலும்பை இங்கு தேடுவது வீண் முயற்சியாகும். இலங்கையில் யுராசிக் காலப் படிவுகள் புத்தளம் மாவட்டத்துத் தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களில் உள. அவை தாவரச் சுவடுகளாற் பெயர்பெற்றவை. இரத்தினபுரிச் சரளைப் படிவுகளிற் கிடைத்து, போல் தெரணியகல ஆராய்ந்த எலும்புகள் காண்டாமிருகம், நீர்யானை முதலிய பிற்கால விலங்குகளுக்குரியன.

தமிழ்நாட்டு அரியலூர்ப் பகுதியின் வரலாறு இன்னொரு பாடத்தைப் புகட்டுகின்றது. டைனோசர் காலத்தின் இறுதிக் கட்டத்தில் அதன் பெரும்பகுதி கடலாக இருந்தது. 2020 இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் குளமொன்றிலிருந்து வெளிப்பட்ட உருண்டைகளை மக்கள் டைனோசர் முட்டைகள் எனக் கருதித் திரண்டனர். அவை, சுருண்ட ஓடுடைய அம்மோனைற்று என்னும் கடலுயிரைச் சூழ்ந்து மண் இறுகியமையால் ஆன கற்றிரளைகள் என அறிஞர் தெளிவுபடுத்தினர். எனினும் அப்பகுதியில் டைனோசர் எச்சமே இல்லை எனத் துணிதலும் தவறாகும். கல்லமேட்டிற் கிடைத்த பேரெலும்புகளுக்கு 1980களின் இறுதியில் புருகத்காயோசோரஸ் எனப் பெயரிடப்பட்டது. முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்ட அது, பின்னர் நீள்கழுத்துத் தாவரவுண்ணியாகக் கொள்ளப்பட்டது. எலும்புகள் உதிர்ந்து அழிந்தமையால், அவை எலும்பா, கல்லான மரமா என்ற ஐயமும் சிலரிடை எழுந்தது. சான்று அழியுமிடத்து அறிஞரின் வழக்கும் தீராது நீளும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

கிணறு வெட்டும்போதும் குளம் திருத்தும்போதும் மண் தன் பழங்கதையின் ஓர் ஏட்டை வெளிப்படுத்தலாம். அவசரமாகச் சூட்டப்படும் பெயர் அவ்வேட்டைக் கிழித்துவிடும். கிடைத்த இடமும் ஆழமும் மண்படையும் குறிக்கப்படின் அது வரலாறாகும். எலும்பின் பருமனை அளக்குமுன் அது கிடந்த மண்ணின் வயதை வினவுதலே ஆய்வாளன் கடன்.