அவையேட்டில் அயலார் நினைவு

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலப் பகுதியில் மாதோட்டம் என்னும் பழந்துறைமுகம் அமைந்திருந்தது. முதலாம் இராசராச சோழன் காலத்தில் அத்துறைமுகம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழி குமரன் என்னும் சோழ அதிகாரி அங்கே இராசராசேச்சரம் என்ற கோயிலை எழுப்பி, அதற்குத் தான் விட்ட நிவந்தங்களைக் கல்லில் வெட்டுவித்தான். அக்கல்வெட்டு பிற்காலத்தில் கொழும்பு நூதனசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டது. செய்தவன் பெயர், அவன் ஊர், செய்த தருமம் ஆகிய மூன்றும் அரசின் பெயரால் நிலைபெற்றன. ஆயின், அதே துறையில் மரக்கலம் செலுத்தியவரும் முத்துக் குளித்தவரும் மீன் பிடித்தவரும் அவ்வாறு தம் பெயர் பொறிக்கப்பெற்றிலர். மன்னராட்சியில் நினைவு என்பது அதிகாரம் உடையோரின் உரிமையாக இருந்தது.

மக்களாட்சி தோன்றிய பின்னர் அவ்வுரிமை வேறு வடிவம் கொண்டது. கல்லின் இடத்தை அவையின் அறிக்கை பெற்றது. ஹன்சாட் என வழங்கும் பாராளுமன்ற விவாத அறிக்கையில் ஓர் ஊரின் பெயரோ, ஒரு சமூகத்தின் சாதனையோ, ஒரு துயர நாளோ இடம்பெறுமாயின், அது நாட்டின் பொது நினைவில் ஒரு பகுதியாகின்றது. இவ்வாறு பெயர் பதிக்கும் முறைகள் எவை, அவற்றின் வலிமை யாது, அவ்வலிமை எங்கிருந்து பிறக்கின்றது என்பன ஆராயத்தக்கவை.

முறைகள் பலவாயினும், அவற்றை மூன்று வகையுள் அடக்கலாம். முதலாவது, உறுப்பினர் தாமே எழுந்து கூறும் கூற்று. கனடாவின் பொதுச் சபையில் நாள்தோறும் வினா நேரத்துக்கு முன்னர்ப் பதினைந்து நிமிடம் இதற்கென ஒதுக்கப்படுகின்றது. உறுப்பினர் ஒருவர் 1 நிமிடத்துக்கு மேற்படாது பேசித் தம் தொகுதியில் நூறாண்டு கண்ட பள்ளியையோ, வெற்றி பெற்ற விளையாட்டுக் குழுவையோ போற்றலாம். இரண்டாவது, அவையின் கருத்தாக முன்வைக்கப்படும் பிரேரணை. இங்கிலாந்தின் பொதுச் சபையில், விவாதத்துக்கு நாள் குறிக்கப்படாத பிரேரணை ஒன்றை உறுப்பினர் பதிவுசெய்ய, ஏனையோர் அதன்கீழ்க் கையொப்பமிடும் வழக்கம் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை விவாதத்துக்கு வருவதேயில்லை; கையொப்பங்களின் தொகையே அவற்றின் மதிப்பு. இலங்கைப் பாராளுமன்றத்தில், காலஞ்சென்ற உறுப்பினருக்காக அனுதாபப் பிரேரணை கொண்டுவரப்படுகின்றது. பல கட்சியினரும் இறந்தவரின் பணிகளை எடுத்துரைக்கின்றனர். அவையின் துக்கம் சபாநாயகர் வாயிலாகக் குடும்பத்தினருக்கு அறிவிக்கப்படுகின்றது. மூன்றாவது, சட்டம். பிரேரணை அவையின் கருத்தை மட்டும் கூறும், அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. சட்டமோ ஏட்டில் நிலைத்து, நீக்கப்படும் வரை நாட்டின் நியதியாக நிற்கும்.

இவற்றை ஆக்குவதற்குப் பொருட்செலவு மிகுதியில்லை. எதிர்த்து வாக்களிக்கத் துணிவோரும் அரியர். எளிதிற் கிடைக்கும் பொருள் மலிந்துபோவது இயல்பு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு இதற்குச் சான்று. 1980களின் நடுப்பகுதியில் அந்நாட்டுக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு நாளையோ கிழமையையோ திங்களையோ சிறப்பிப்பனவாக இருந்தன. இந்நிலை கண்டு சலித்த பிரதிநிதிகள் சபை, 1995ஆம் ஆண்டில் அத்தகைய மசோதாக்களைத் தன்னிடம் கொண்டுவருதல் ஆகாதென விதி செய்தது. எல்லோர்க்கும் நாள் வகுத்த சபை, இறுதியில் நாள் வகுப்பதையே கைவிட நேர்ந்தது.

ஆகவே, ஒரு சமூகத்தின் பெயர் அவையில் ஒலித்தது என்பது மாத்திரம் பெருமையாகாது. ஒலித்த குரல் யாருடையது என்பதும் நோக்கற்பாலது. தன்னினத்துக்காகத் தன்னினத்து உறுப்பினன் பேசுவது கடமை, அதில் வியப்பொன்றுமில்லை. அயற் சமூகத்தவன் ஒருவன் எழுந்து பேசும்போதே அந்நினைவு ஒரு சாராரின் உடைமை என்ற நிலையினின்று உயர்ந்து, அவையனைத்தின் உடைமையாகின்றது. இலங்கை வரலாற்றிலேயே இதற்கு எடுத்துக்காட்டுக்கள் உள.

வெசாக் விடுமுறையின் வரலாறு அவற்றுள் முதன்மையானது. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொட்டாஞ்சேனையிற் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலகம் மூண்டது. தமக்கு நீதி கிடைக்கவில்லை எனக் குறைபட்ட பௌத்தர், அடுத்த ஆண்டிற் கேணல் ஒல்கொற்றை இலண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்குத் தம் தூதராக அனுப்பினர். அவர் எடுத்துச் சென்ற கோரிக்கைகளுள் வெசாக் நாளைப் பொது விடுமுறையாக்க வேண்டுமென்பதும் ஒன்று. அக்காலத்திற் சட்டநிரூபண சபையிற் தமிழர் பிரதிநிதியாக வீற்றிருந்தவர் பொன்னம்பலம் இராமநாதன். 1879ஆம் ஆண்டு முதல் அப்பதவியை வகித்த அவர், தமிழர்க்கென நியமிக்கப்பட்டவராயினும், சைவராயினும், பௌத்தரின் அக்கோரிக்கைக்குத் துணைநின்றார். 1885ஆம் ஆண்டு ஏப்ரில் 28ஆம் நாள் வெசாக் பொது விடுமுறையாக அனுட்டிக்கப்பட்டது. கலகத்தின் தழும்பு ஆறுமுன்னரே, அக்கலகத்திற் சேராத மூன்றாம் சமூகத்தவர் ஒருவர் ஒரு சமயத்தாரின் திருநாளை நாட்டின் திருநாளாக்க உழைத்தமை நினைந்து போற்றத்தக்கது.

நூறாண்டுக்குப் பின்னர் அவ்வரலாறு உலக அரங்கில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். 1999ஆம் ஆண்டிற் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில், வெசாக் நாளைச் சர்வதேச மட்டத்தில் ஏற்று, அச்சபையின் தலைமையகத்திலும் பிற அலுவலகங்களிலும் அனுட்டிக்க வழிசெய்யும் தீர்மானம் நிறைவேறியது. அதற்கு முன்னின்று உழைத்தவர், இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினரும் வெளிநாட்டமைச்சருமாகிய இலட்சுமன் கதிர்காமர். அவர் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். அவருடைய அரசியலைப் பற்றித் தமிழரிடையே கடுங் கருத்து வேறுபாடு உண்டு; 2005ஆம் ஆண்டு ஆகத்து 12ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும், உலக அவையிற் பௌத்தரின் நாளுக்கு இடம் தேடிக் கொடுத்தவர் பௌத்தரல்லர் என்னும் உண்மையை அவ்வேறுபாடு மறைத்துவிட முடியாது.

இனி, தமிழர் பிறரால் ஏற்கப்பட்ட வரலாற்றை நோக்கலாம். 1986ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரு உயிர்காப்புப் படகுகளில் அலைகடலிற் தத்தளித்த 155 ஈழத் தமிழரை அந்நாட்டு மீனவர் கண்டு காப்பாற்றினர். அவர்களை முதலிற் கண்டவர் கஸ் டால்டன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவர். கடலில் அகப்பட்டவனைக் கண்டால் இனம் வினவாது கைகொடுப்பது எக்கரையிலும் மீனவர் அறம். பேசாலைக் கடற்றொழிலாளர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. அவ்வாறு ஏற்கப்பட்டோரும் அவர்க்கு முன்னும் பின்னும் குடியேறியோரும் பெருகி, 2011ஆம் ஆண்டில் ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் பொதுச் சபைக்குத் தெரிவான முதல் தமிழராயினார்.

தைத் திங்களைத் தமிழர் மரபுத் திங்களாக ஏற்கும் முயற்சியில், ஒன்ராறியோ மாகாண சபை நடுவண் சபையை முந்திக்கொண்டது. பொங்கல் வருவது சனவரியாதலின் அத்திங்கள் தெரிவுசெய்யப்பட்டது. 2014ஆம் ஆண்டில் அதற்கான சட்டத்தை அம்மாகாண சபையிற் கொண்டுவந்தவர் டொட் சிமித். அவர் தமிழருமல்லர், ஆளுங்கட்சியினருமல்லர். பின்னர், 2015ஆம் ஆண்டிற் பொதுச் சபைக்குத் தெரிவான கரி ஆனந்தசங்கரி, நாடு முழுவதற்கும் அதனை விரிக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். இவர், இலங்கைப் பாராளுமன்றத்திற் கிளிநொச்சியின் குரலாக ஒலித்த வீ. ஆனந்தசங்கரியின் மகன். தமிழ்க் கனேடியரின் பங்களிப்பையும் தமிழ்மொழியின் வளத்தையும் வருங்காலத் தலைமுறைக்கு அம்மரபைக் கற்பித்தலின் இன்றியமையாமையையும் எடுத்துரைத்த அப்பிரேரணை, 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் நாள் எதிர்ப்பின்றி நிறைவேறியது. முன்மொழிந்தவர் தமிழர், அதனை அவையின் குரலாக்கியவர் தமிழரல்லாத ஏனையோர்.

மகிழ்ச்சியைப் போற்றுவது எளிது. துயரத்தை ஏற்பது அரிது. மகிழ்ச்சிக்கு எதிரி இல்லை. துயரத்துக்குக் காரணர் உளர். 2021ஆம் ஆண்டில் ஒன்ராறியோ, மே 18ஆம் நாளோடு முடியும் கிழமையைத் தமிழினப் படுகொலை அறிவூட்டற் கிழமையாகச் சட்டமாக்கியது. அச்சட்டம் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. மாகாணத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. 2022ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், அந்நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்கும் பிரேரணையைக் கனடாவின் பொதுச் சபை ஒருமனதாக நிறைவேற்றியது. இலங்கை அரசாங்கம் அதனை மறுத்துக் கண்டித்தது. பொங்கலை ஏற்றபோது எழாத எதிர்ப்பு, துயரை ஏற்றபோது எழுந்தது. நினைவை ஏற்றல் வெறுஞ் சடங்கன்று, அது ஒரு தீர்ப்பாகவும் கொள்ளப்படுகின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அயலகத்தில் ஒரு கோலால் அளப்போர் தம் ஊரிலும் அதே கோலால் அளத்தல் வேண்டும். மன்னார் இதற்கு உரைகல் ஆகின்றது. திருக்கேதீச்சரமும் மடுத் திருப்பதியும் எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசல்களும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. 1947ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்துச் சைவராகிய க. சிற்றம்பலத்தை மன்னார்த் தொகுதி தன் உறுப்பினராகத் தெரிந்து, அவரை முதல் மந்திரிசபையிற் காணும் பேறு பெற்றது. 1977ஆம் ஆண்டு கத்தோலிக்கராகிய பி. எஸ். சூசைதாசன் தெரிவானார். 1989ஆம் ஆண்டுத் தேர்தல் முதல், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டமாக ஒன்றுசேர்ந்தன. எனவே, வன்னியின் உறுப்பினர் ஒருவர் எச்சமயத்தவராயினும், சைவர்க்கும் கத்தோலிக்கர்க்கும் முஸ்லிம்கட்கும் ஒருங்கே பிரதிநிதியாவார்.

இத்தீவு சுமக்கும் நினைவுகளுள் இரண்டு ஈண்டுக் குறிப்பிடத்தக்கன. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வெளியேறியோர் 70,000க்குக் குறையாதோர் என்பது பொதுவான மதிப்பீடு. அவருட் பெருந்தொகையினர் மன்னார் மாவட்டத்தினர். எருக்கலம்பிட்டியார் வீடுவாசலைத் துறந்து, படகேறிப் புத்தளக் கரையை அடைந்தனர். 2006ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள், பேசாலைத் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது தாக்குதல் நிகழ்ந்து, உள்ளிருந்த பெண்ணொருவர் இறந்தார், பலர் காயமுற்றனர், கடற்கரையில் மீனவரும் கொல்லப்பட்டனர். முதலாவது முஸ்லிம்களின் நினைவு எனவும், இரண்டாவது கத்தோலிக்கத் தமிழரின் நினைவு எனவும் பிரித்து வைத்தல் எளிது. ஆயின், அவ்வாறு பிரித்த நினைவு அவரவர் வளவுக்குள் அழும் அழுகையாகவே முடியும்.

பாராளுமன்றத்தில் தனியார் உறுப்பினர் பிரேரணை என்னும் வாயில் திறந்தே உள்ளது. அதன்வழி எதனைக் கொண்டு செல்வது, யார் கொண்டு செல்வது என்பவற்றைத் தீர்மானிக்க வேண்டியவர் ஊரவரே. அவை தானாக எதனையும் நினைவுகூர்வதில்லை. தன்முன் வைக்கப்பட்டதையே ஏட்டிற் பதிக்கின்றது. பெயரும் நாளும் தொகையும் பிழையறத் தொகுக்கப்படாத சாதனையும் துயரமும் அவைக்கு எட்டா. எனவே, பள்ளிக்கூடமும் கோயிலும் ஆலயமும் பள்ளிவாசலும் தத்தம் ஊர் வரலாற்றை இப்போதே எழுதி வைத்தல் முதற் கடமை. எழுதியதைத் தம்மவர் கையில் மட்டும் கொடாது, அயலவர் கையிலும் கொடுத்தல் இரண்டாவது கடமை. பேசாலையின் துயரத்தை ஒரு முஸ்லிம் உறுப்பினரும், எருக்கலம்பிட்டியின் துயரத்தை ஒரு தமிழ் உறுப்பினரும் முன்மொழியும் நாளில் அவ்விரு பிரேரணைகளும் பெறும் வலிமை, தன் துயரைத் தானே முறையிடும் நூறு பிரேரணைகட்கும் வாய்ப்பதன்று. வெசாக் விடுமுறைக்குத் துணைநின்ற சைவரின் நாட்டுக்கு அது புதிய வழியுமன்று.