சேராத உலோகங்களைச் சேர்த்து வைப்பது எப்படி?

தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் படலம் மெலிந்தால் சுழல்தண்டைத் தாங்கும் பெயாரிங் தேயத் தொடங்கும். அப்போது அதைக் காப்பாற்றுவது எது என்ற கேள்விதான் என்னை இந்த விடயத்துக்குக் கொண்டுவந்தது.

பல என்ஜின்களில் அந்தப் பெயாரிங்கின் உட்புறம் செப்பும் ஈயமும் சேர்ந்த படை. செப்பு பாரத்தைத் தாங்கும். அதனுள் சிறு துளிகளாகக் கிடக்கும் ஈயம், ஒயில் குறையும்போது வழுக்கல் தரும்.

சிக்கல் என்னவென்றால், இறுகிய நிலையில் இவை இரண்டும் கலப்பதில்லை. செப்பு 1085 பாகை செல்சியஸில் உருகும். ஈயம் 327 பாகையில். உருக்கிக் கலந்து மெதுவாக ஆறவிட்டால் செப்பு முதலில் இறுகும். திரவமாகவே நிற்கும் ஈயம், அடர்த்தி கூடியதால் கீழே இறங்கிவிடும்.

அப்படியானால் ஈர்ப்பை நீக்கினால் போதுமா? 1970களில் இதேபோல ஒன்றோடொன்று சேராத அலுமினியத்தையும் இந்தியத்தையும் ரொக்கெட்டில் அனுப்பி, எடையற்ற நிலையில் உருக்கிப் பார்த்தார்கள். அங்கும் பிரிந்தன. ஒரு திரவம் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டது. வெப்ப வேறுபாட்டால் மேற்பரப்பு இழுவிசை மாறித் துளிகளும் நகர்ந்தன. ஈர்ப்பு மட்டும் காரணமல்ல என்பது அப்போது தெளிவானது.

எனவே வழி, பிரிவதற்கு நேரம் கொடுக்காமல் விடுவதுதான். உருகிய கலவையை வாயுவால் சிதறடித்தால் ஒவ்வொரு துளியும் உடனே இறுகித் தூளாகும். அந்தத் தூளை உருக்குத் தகட்டில் பரப்பிச் சூடாக்கி அழுத்துவது பெயாரிங் தொழிற்சாலைகளின் பழைய முறை.

லேசர் முப்பரிமாண அச்சிடல் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. லேசர் உருக்கும் குட்டை மிகச் சிறியது. வினாடிக்குப் பத்து இலட்சம் பாகை என்ற அளவு வேகத்தில்கூட அது ஆறும். செப்பு–இரும்புக் கலவையை இப்படி அச்சிட்டபோது, செப்புக்குள் இரும்பு மிக நுண்ணிய துணிக்கைகளாகப் பரவி நின்றது. லேசரின் வலுவையும் வேகத்தையும் மாற்றித் துணிக்கைகளின் அளவையும் மாற்றலாம். ஆனால் மேலே வரும் படைகளின் சூடு கீழுள்ள துணிக்கைகளை மீண்டும் பருக்கச் செய்யலாம்.

ஈயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. அதனால் இன்று பல பெயாரிங்குகளில் ஈயத்துக்குப் பதிலாக பிஸ்மத் வருகிறது. பிஸ்மத்தும் செப்போடு சேராத உலோகந்தான். உலோகம் மாறினாலும், பிரியுமுன் இறுக வைக்கும் வேலை மாறவில்லை.