லேவாதேவிக்காரர் கதவும் உப்பு வியாபாரி உத்திரமும்

எங்கள் ஊர் உத்திரமேரூர் என்று சொன்னதும் கல்லூரியில் யாராவது ஒருவர் "குடவோலைதானே?" என்று கேட்டு விடுவார். ஆமாம், அதேதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். தேர்தலில் நிற்பவருக்கு வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் என்று வரிசையாகப் போகும். அதில் இன்னொரு நிபந்தனை பற்றி யாரும் பேசுவதில்லை. சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும்.

அந்த வீடுகள் எங்கே? ஒன்று கூட இல்லை. மண், மரம், ஓலை. எல்லாம் போய் விட்டது. வீடு வேண்டும் என்று சொன்ன சட்டம் கல்லில் இருக்கிறது, வீட்டைக் காணோம்.

(ஊர்ப் பெயரில் இருக்கும் உத்திரத்துக்கும் கூரையைத் தாங்கும் உத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை. இது உத்தர மேரு. ஆனாலும் மரச்சிற்பம் பற்றி எழுத இந்த ஊர்க்காரனுக்கு உரிமை உண்டு என்று வைத்துக் கொள்ளுங்கள் :-) )

தமிழ்நாட்டில் மரவேலை எவ்வளவு பழையது என்பதற்கு மரத்தில் சாட்சி தேடக்கூடாது, கல்லில் தேட வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரை வெட்டினான். அங்கே உள்ள கல்வெட்டில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இதை எடுத்தேன் என்று பெருமைப்படுகிறான். அப்படியென்றால் அதற்கு முன் கோயில் என்றாலே மரமும் செங்கல்லும்தான். அதற்குப் பிறகும் கல் தச்சர்கள் மரத்தை மறக்கவில்லை. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தைப் பாருங்கள், பாறையில் வெட்டிய கூரை வீடு. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் கொடுங்கையில் கைமரம், சட்டம், ஆணி வரை கருங்கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடுங்கை மாதிரி மட்டும் கேட்காதீர்கள், மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம், அப்படி ஒரு சொல்வழக்கே உண்டு. கல் கோயிலில் இன்றைக்கும் உத்திரம், போதிகை என்று சொல்கிறோமே, அதெல்லாம் தச்சன் வாயில் இருந்து வந்த சொற்கள்தான்.

கோயிலில் மரம் பிழைத்தது தேரிலும் வாகனத்திலும். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நின்றால் 96 அடி என்பார்கள். ஆனால் மேலே இருக்கும் கோபுரம் போன்ற பகுதி மூங்கிலும் துணியும். சிற்பம் எல்லாம் கீழே, இலுப்பை மரத்தில் அடுக்கடுக்காக. தேர் வெயிலில் நிற்கும், மழையில் நனையும், சில சமயம் எரியும். ஆழித்தேரே 1920களில் எரிந்து, புதிதாகச் செய்ததுதான் இப்போது ஓடுகிறது. பழைய தேரைப் பிரித்துப் புதுத் தேர் செய்யும்போது கழற்றிய சிற்பப் பலகைகள் எங்கெங்கோ போய், வெளிநாட்டு அருங்காட்சியகச் சுவர்களில் தொங்குவதைப் படத்தில் பார்க்கலாம். தேர் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது வீட்டு மரம்.

வணிகவியல் மாணவன் என்பதால் பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது. செட்டிநாட்டு நிலைக்கதவைப் பார்த்திருப்பீர்கள். நேரில் இல்லாவிட்டாலும் சினிமாவில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். மேலே நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, அதற்கு மேல் அடுக்கு அடுக்காகத் தெய்வங்கள், நிலையைச் சுற்றிக் கொடி, அன்னம், தாமரை. கதவைத் தள்ளினால் முகப்பு, பிறகு தூண்கள் நிற்கும் வளவு. மரம் பர்மா தேக்கு. அந்தத் தேக்கு அங்கிருந்து எப்படி வந்தது? 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டா முழுவதும் நெல்லாக மாறியது. அந்த நெல்லுக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். வட்டி ரூபாயாக வந்தது, லாபம் தேக்காக வந்தது. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் 70க்கும் மேற்பட்ட ஊர்களில் அரண்மனை போல வீடுகள் எழுந்தன. கானாடுகாத்தான் அரண்மனை 1912-ல் கட்டியது.

இந்த இடத்தில் சீனாவுக்குப் போகலாம். அன்ஹுய் மாகாணத்தின் தெற்கில் ஹுய்சோ என்ற மலைநாடு. விளைச்சல் நிலம் குறைவு. அதனால் அந்த ஊர் ஆண்கள் சிறு வயதிலேயே வெளியூர் போய் உப்பு, தேயிலை, மரம், அடகுக்கடை என்று வியாபாரம் செய்தார்கள். சம்பாதித்த பணத்தைக் கொண்டு வந்து சொந்த ஊரில் வீடு கட்டினார்கள். வெளியே பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர். உள்ளே போனால் நடுவில் முற்றம், சுற்றிலும் மரச்சிற்பம். எனக்கு இதைப் படித்தபோது ஹுய்சோ என்ற பெயரை எடுத்துவிட்டு நாட்டரசன்கோட்டை என்று போட்டாலும் வாக்கியம் நிற்கும் போல் இருந்தது. விளைச்சல் குறைந்த ஊர், வெளியூர் வியாபாரம், சொந்த ஊரில் பெரிய வீடு, அதில் பெண்களும் கிழவர்களும். கணக்கு அப்படியே ஒத்துப் போகிறது.

ஹோங்சுன் என்ற ஊரில் 1855-ல் ஓர் உப்பு வியாபாரி கட்டிய செங்ஸி மாளிகை இப்போதும் இருக்கிறது. அதன் உத்திரங்களில் ஒன்றில் விளக்குத் திருவிழாவில் நூறு குழந்தைகள் கொட்டம் அடிக்கிறார்கள். இன்னொன்றில் தாங் அரசர் காலத்து அதிகாரிகளுக்கு விருந்து. ஒருவர் சதுரங்கம் ஆடுகிறார், ஒருவர் யாழ் வாசிக்கிறார், தண்ணீர் கொதிக்கிறது, ஓரமாக ஒருவர் காது குடைந்து கொள்கிறார். எனக்கு அந்தக் காது குடையும் ஆளைத்தான் ரொம்பப் பிடித்தது. நம் நிலைக்கதவில் கஜலட்சுமிக்குக் கீழே யாரும் காது குடைய மாட்டார்கள். நாம் வாசலில் தெய்வத்தை வைத்தோம். அவர்கள் உத்திரத்தில் தாங்கள் ஆசைப்பட்ட வாழ்க்கையை வைத்தார்கள். பணம் இருந்தும் பதவி இல்லாத வியாபாரி, தலைக்கு மேலே அதிகாரிகளுக்கு விருந்து வைத்துக் கொண்டான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சீனாவில் மரச்சிற்பத்துக்குப் பல வட்டாரங்கள் உண்டு. டோங்யாங்கில் வண்ணம் பூசாமல் மரத்தை மரமாகவே விடுவார்கள். தெற்கே சாவ்சோவில் தங்கம் பூசுவார்கள். ஒரே கட்டையைக் குடைந்து கூடையும், அதற்குள்ளே நண்டும் இறாலும் செய்வது அவர்கள் வித்தை. இந்த இரண்டையுமே சீன அரசு 2006-ல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஜப்பான் கதை வேறு மாதிரி. அங்கே பெரிய வாடிக்கையாளர் வியாபாரி இல்லை, ஷோகுன். நிக்கோவில் தொகுகாவா இயெயாசுவுக்கு எழுப்பிய தோஷோகு கோயிலை 1636-ல் அவர் பேரன் இடித்துப் புதிதாகக் கட்டினான். 5,000க்கும் மேற்பட்ட சிற்பங்கள், எல்லாம் வண்ணம் பூசியவை. கண், காது, வாய் பொத்திய மூன்று குரங்கு நமக்குக் காந்தி பொம்மையாகத்தான் தெரியும். நிக்கோவில் அது குதிரை லாயத்துச் சுவரில் இருக்கும் எட்டுப் பலகைகளில் ஒன்று. குட்டியாக இருப்பதிலிருந்து வளர்ந்து தானே தாயாவது வரை ஒரு முழு வாழ்க்கையைக் குரங்கை வைத்துச் சொல்கிறார்கள், நாம் அதில் ஒரு பலகையை மட்டும் எடுத்துக் கொண்டோம். தோயாமா பக்கம் இனாமி என்று ஓர் ஊர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கோயில் எரிந்தபோது கியோட்டோவில் இருந்து சிற்பி வந்து வேலை செய்தார். உள்ளூர்த் தச்சர்கள் அவரிடம் கற்றுக் கொண்டார்கள். இன்றைக்கும் அந்த ஊரின் தொழில் அதுதான். ஒரு சிற்பியிடம் 200 வகை உளி வரை இருக்குமாம். இரண்டு அறைகளுக்கு நடுவே கதவுக்கு மேலே வைக்கும் குடைந்த பலகைதான் அவர்கள் சிறப்பு. அதற்கு ரன்மா என்று பெயர். காற்றும் வெளிச்சமும் அதன் வழியாகப் போகும்.

இப்போது மறுபடி செட்டிநாடு. 1930களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. பர்மிய விவசாயி கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை விட்டான். 1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-ல் ஏறத்தாழ 25 சதவீதம். கணக்குப் புத்தகத்தில் இது சொத்து. உண்மையில் இது சிக்கல். பணம் வேண்டியவர்களுக்கு வயல் வந்து சேர்ந்தது, கூடவே அந்த நாட்டு மக்களின் கோபமும் சேர்ந்தது. (கடன் வாங்கியவன் பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்தக் கதவின் அழகு கொஞ்சம் வேறு மாதிரித்தான் தெரியும். அதையும் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.) 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தது. செட்டியார்கள் கிடைத்த வழியில் ஊர் திரும்பினார்கள், பலர் நடந்தே. 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்து நிலங்களை எடுத்துக் கொண்டது. 1960களில் நே வின் அரசு மிச்சம் மீதியையும் நாட்டுடைமை ஆக்கியது.

வருமானம் போனது, வீடு நின்றது. பெரிய வீட்டுக்கு ஓடு மாற்றவே ஒரு சம்பளம் போதாது. போதாததற்கு ஒரே வீட்டில் பங்காளிகள் பலர், கல்யாணமான ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. சென்னையில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர். யார் பழுது பார்ப்பது? வளவை நடுவில் வெட்டிப் பங்கு போட முடியாது. விற்றுப் பணமாக்கினால்தான் பங்கு பிரியும். கூட்டு வியாபாரத்தைக் கலைக்கும்போது நாம் போடுகிறோமே ரியலைசேஷன் அக்கவுண்ட், அதேதான். சொத்தை ஒவ்வொன்றாக விற்றுப் பற்று வரவு பார்த்து மூடுவது. தூண் தனி, கதவு தனி, உத்திரம் தனி. முழு வீட்டை வாங்க ஆள் கிடைக்காது, கழற்றிய தேக்குக்கு உடனே ஆள் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து தூண்கள் ஓட்டலுக்கும் பண்ணை வீட்டுக்கும் போகின்றன, கதவு சாப்பாட்டு மேசை ஆகிறது. 1972-ல் இயற்றிய இந்தியச் சட்டம், நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. உள்நாட்டில் மேசை ஆவதைத் தடுக்க அதில் வழியில்லை. 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் ஓடு ஒழுகாமல் இருந்து விடுமா?

விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியில் இருந்து ரசிப்பவனுக்குப் பராமரிப்புச் செலவு கிடையாது.

ஹுய்சோவிலும் அதே கதை, காரணம் மட்டும் வேறு. 1966-க்குப் பிறகு கலாசாரப் புரட்சியில் பழைய சிற்பம் என்றாலே அடித்து நொறுக்கினார்கள். சில வீடுகளில் சிற்பத்தின் மேல் சேறு பூசியும் மாவோ வாசகங்களை ஒட்டியும் மறைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு மக்கள் நகரத்துக்குப் போனார்கள். ஹுவாங் குடும்பம் ஏறத்தாழ 200 வருஷம் குடியிருந்த யின் யூ தாங் என்ற 16 படுக்கையறை வீடு 1982-ல் காலியானது. 1990களில் குடும்பமே அதை விற்க முடிவு செய்தது. வாங்கியவர்கள் கதவு தனி, தூண் தனி என்று வாங்கவில்லை. 2,700க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளுக்கும் எண் போட்டுப் பிரித்து, கப்பலில் அமெரிக்கா கொண்டு போய், பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் அப்படியே எழுப்பி 2003-ல் திறந்தார்கள். ஊர் பெயர் சேலம். நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்.

இந்த மாதிரி இங்கே நடந்தது ஒன்று எனக்குத் தெரியும். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு இருக்கிறது. இடிபடும் வீட்டில் இருந்து வாங்கிய மரவேலைப்பாடுகளைக் கொண்டு வந்து எழுப்பியது. கல்லூரிச் சுற்றுலாவில் எல்லோரும் அதன் முகப்பில் உட்கார்ந்து படம் எடுத்துக் கொள்வார்கள். அடுத்த முறை போனால் நிமிர்ந்து நிலையின் மேல் பக்கம் பாருங்கள்.

ஜப்பானின் இசே கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு முறை முழுவதுமாகப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஆரம்பித்து, நடுவில் சண்டைக் காலத்தில் விட்டுப் போனது போக, 2013-ல் 62-வது முறை. அடுத்தது 2033. அங்கே சிற்பம் அதிகம் கிடையாது, ஆனால் ஒரு தச்சன் தன் வாழ்நாளில் இரண்டு முறையாவது அதைக் கட்டி விடுவான். மரம் போனாலும் கை போகாது. எங்கள் பாடத்தில் கோயிங் கன்சர்ன் என்று ஒன்று படிக்கிறோம், நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்று வைத்துக் கணக்கு எழுதுவது. எனக்கு இசேயைப் படித்த பிறகுதான் அது புரிந்தது.

நம்மிடம் கை இருக்கிறதா என்றால், இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு என்று ஒரே கட்டையில் முழு உருவத்தையும் எடுப்பார்கள், ஒட்டு கிடையாது. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும் (இது நம்ம சேலம்தான்) இதே வேலை. சாமி உருவமும் வாசல் பலகையும்தான் அதிகம் விற்கிறது.

எங்கள் பக்கம் புது வீடு கட்டினால் வாசக்கால் வைக்க நல்ல நேரம் பார்ப்பார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியம் முடிந்து, தச்சு ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுப்பார்கள். கடனில் கட்டும் வீடாக இருந்தாலும் தலைவாசல் மட்டும் தேக்கு. இப்போது அதன் மேல் பூவேலை கம்ப்யூட்டர் மெஷினில் வெட்டி வருகிறது, ஆல்பத்தைப் பார்த்து நம்பர் சொன்னால் போதும். மேலிருந்து கீழே இறங்கும் அந்த மெஷினால் யானையின் தும்பிக்கைக்குப் பின்னால் குடைந்து போக முடியாது. அதனால் தும்பிக்கை பலகையோடு ஒட்டியே இருக்கும். பழைய கதவில் தும்பிக்கைக்கும் பலகைக்கும் நடுவே விரல் போகும்.

செட்டிநாட்டுப் பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டு நிலையின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். காது குடைபவர் யாராவது இருந்தால் கண்டிப்பாக எழுதுங்கள்.