நூற்பவள்

'ஸ்பின்ஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கல்யாணமாகாமல் வயது ஏறிப்போன பெண் என்றுதான் நான் பொருள் வைத்திருந்தேன். கொஞ்சம் ஏளனமும் கலந்த சொல். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு தொழிலாளி உட்கார்ந்திருக்கிறாள். 'ஸ்பின்' என்றால் நூற்பது. 'ஸ்டர்' பழைய ஆங்கிலத்தின் பெண்பால் விகுதி. நூற்பவள், அவ்வளவுதான்.

இதே விகுதியில் 'வெப்ஸ்டர்' நெய்பவள், 'ப்ரூஸ்டர்' பீர் வடிப்பவள். பின்னால் ஆண்களுக்கும் பொதுவாகி இவை குடும்பப் பெயர்களாயின. அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டரின் பெயரிலும் ஒரு நெசவுக்காரி இருக்கிறாள்.

நூற்பவளுக்கு வேறு கதி. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் நூற்க வேண்டியிருந்தது. கணவன் இல்லாதவளுக்கும் அது சோறு போட்டது. 17ஆம் நூற்றாண்டில், சட்ட ஆவணங்களில் பெண்ணின் பெயரோடு எழுதப்பட்ட இந்தத் தொழில்பெயர் 'மணமாகாதவள்' என்பதற்கான குறிப்பாகவே ஆகிவிட்டது. 1760களில் ஹார்கிரீவ்ஸின் ஸ்பின்னிங் ஜென்னி வந்தது. பிறகு ஆலைகள் வந்து வீட்டு ராட்டைக்கு வேலை இல்லாமல் போச்சு. அவள் சம்பாதித்தது மறந்துபோய், கணவன் இல்லை என்பது மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

ஆணுக்கான 'பேச்சலர்' இப்படிச் சரியவில்லை. அலுவலகத்தில் பேச்சலர் பார்ட்டி என்று சிரித்துக்கொண்டுதான் சொல்கிறோம்.

இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகள் 2005 டிசம்பரில் இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு, இருவருக்கும் 'சிங்கிள்' என்று எழுத ஆரம்பித்தன. நியாயம்தான். ஆனால் ராட்டையில் உழைத்து, தன் காலில் நின்றவளின் கடைசித் தடமும் அந்தப் பதிவேட்டிலிருந்து அன்றைக்குப் போய்விட்டது.